சரக்கு வண்டி வேலைக்கு வீட்டில் முதல் மிக் வெல்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

டாடா ஏஸ், அசோக் லேலண்ட் தோஸ்த், பொலிரோ பிக்கப் போன்ற சிறிய சரக்கு வண்டிகளைச் சொந்தமாக வைத்திருப்பவர்களுக்குப் பட்டறை வேலை ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். பின்கதவின் கீல் உடைகிறது, தரைத் தகடு துருப்பிடித்து ஓட்டை விழுகிறது, தார்ப்பாய்ச் சட்டம் ஆடுகிறது, கருவிப்பெட்டி ஒன்று புதிதாக மாட்ட வேண்டியிருக்கிறது. இவற்றை வீட்டு வாசலிலேயே செய்துகொள்ள நினைப்பவர் முதல் மிக் வெல்டரை வாங்கும்போது எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். சுருளிலிருந்து தானாக வரும் மெல்லிய கம்பியை மின்சாரத்தால் உருக்கி உலோகத்தை ஒட்டுவதுதான் மிக் வெல்டிங். பட்டறைகளில் சி.ஓ.2 வெல்டிங் என்று சொல்லப்படுவதும் இதே வேலைதான்.

கடைக்குப் போவதற்கு முன் வண்டியின் அடியில் குனிந்து, எந்தெந்த உலோகத்தை ஒட்டப்போகிறோம், அது எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்பதை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். கதவுத் தகடு பெரும்பாலும் 1 மி.மீ.க்கும் குறைவாக இருக்கும். தார்ப்பாய்ச் சட்டத்துக்குப் போடும் ஸ்கொயர் பைப் 1.6 அல்லது 2 மி.மீ.; தரைக்குப் போடும் செக்கர் பிளேட் 3 மி.மீ. அளவில் இருக்கும்; தாங்கிகளுக்குப் போடும் ஆங்கிள் 5 மி.மீ. வரை வரும். மென்எஃகில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு ஏறத்தாழ 40 ஆம்பியர் என்பது வெல்டர்கள் கைக்கணக்காக வைத்திருக்கும் அளவு. அதன்படி 3 மி.மீ. தகட்டுக்கு 120 ஆம்பியர் வேண்டும். 5 மி.மீ. ஆங்கிளுக்கு 200 என்று கணக்கு வந்தாலும், விளிம்பைக் கிரைண்டரால் சாய்வாகச் செதுக்கி 150 ஆம்பியரில் இரண்டு ஓட்டமாக (ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வரி) ஒட்டிவிடலாம். ஆகவே உண்மையாகவே 160 ஆம்பியர் தரும் இயந்திரம் இந்த வேலைகளுக்குப் போதும். 200 ஆம்பியர் இயந்திரம் என்றால் தாராளம்.

மேல் எல்லையை எல்லோரும் கேட்கிறார்கள், கீழ் எல்லையைக் கேட்பவர் குறைவு. மெல்லிய கதவுத் தகட்டை ஒட்ட 30 முதல் 40 ஆம்பியரில் வில் (கம்பி நுனிக்கும் தகட்டுக்கும் இடையே எரியும் மின்பொறி) அணையாமல் நிலையாக எரிய வேண்டும். 50 ஆம்பியருக்குக் கீழே இறங்காத இயந்திரம் அந்தத் தகட்டில் ஓட்டை போட்டுக்கொண்டே போகும். வண்டி வேலையில் பாதி மெல்லிய தகட்டு வேலை என்பதால், இந்தச் சிறிய எண்ணுக்குப் பெரிய எண்ணைவிட மதிப்பு அதிகம் என்பது என் கருத்து.

அடுத்தது வீட்டு மின் இணைப்பு. தேர்வை உண்மையில் தீர்மானிப்பது இதுதான். மிக் வெல்டிங்கில் 200 ஆம்பியருக்கு வில்லின் மின்னழுத்தம் 24 வோல்ட் என்று தரநிலைக் கணக்கு வைத்திருக்கிறது. அது 4.8 கிலோவாட் வெளியீடு. இயந்திரத்துக்குள் ஏற்படும் இழப்பையும், பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் பயனாகும் பங்கு) 0.7 அளவில் இருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், 230 வோல்ட் ஒற்றை முனை இணைப்பிலிருந்து அது ஏறத்தாழ 35 ஆம்பியர் இழுக்கும். நம் வீடுகளில் ஏசிக்கும் கீசருக்கும் வைத்திருக்கும் பவர் பிளக்கின் தாங்குதிறன் 16 ஆம்பியர்தான். 120 ஆம்பியரில் வேலை செய்தால்கூட இழுப்பு 17 ஆம்பியரைத் தாண்டிவிடும் என்பதால், அந்தப் பிளக்கில் தொடர்ந்து ஓட்டினால் முதலில் பிளக் சூடேறிக் கருகும், பிறகு ஒயர் உருகும். மீட்டர் பலகையிலிருந்து தனியாக ஒரு 32 ஆம்பியர் எம்.சி.பி.யும் (சுமை மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்), அதற்கு ஏற்ற தடிமனுள்ள செம்பு ஒயரும், இண்டஸ்ட்ரியல் சாக்கெட்டும் போட்டுத்தர எலெக்ட்ரீஷியனிடம் கேட்டு, அந்தச் செலவையும் இயந்திரத்தின் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். மின்வாரியம் அனுமதித்த சுமை எத்தனை கிலோவாட் என்பதையும் கூடவே பார்த்துக்கொள்ளலாம். மும்முனை இணைப்பு ஏற்கெனவே உள்ளவர்களுக்கு 415 வோல்ட் இயந்திரம் நல்ல தேர்வு. இல்லாதவர்கள் ஒரு வெல்டருக்காக மும்முனை வாங்க வேண்டியதில்லை.

மாலையில் வோல்டேஜ் 190க்கு இறங்கும் ஊர்களில் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: இயந்திரம் எத்தனை வோல்ட் வரை குறைந்தாலும் வேலை செய்யும்? இப்போது கடையில் கிடைக்கும் சிறிய இயந்திரங்கள் ஏறக்குறைய எல்லாமே இன்வெர்ட்டர் வகை, அதாவது கனமான டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் மின்னணுப் பலகையால் மின்சாரத்தை மாற்றுபவை (வீட்டு பேட்டரி இன்வெர்ட்டர் அல்ல). எடை குறைவு, வில் மென்மை. ஆனால் உள்ளே இருக்கும் மின்னணுப் பலகைக்குக் கிரைண்டர் தூள் எமன். இயந்திரத்தின் காற்றுத் துளைகளுக்கு எதிரே கிரைண்டரை ஓட்டக் கூடாது.

முகப்பில் பெரிய எழுத்தில் 250 என்று இருந்தால் அது 250 ஆம்பியர் என்று நம்பிவிட வேண்டாம். சில நேரம் அது வெறும் மாடல் எண். உண்மை, இயந்திரத்தின் பின்பக்கத்திலோ பக்கவாட்டிலோ ஒட்டியிருக்கும் சிறிய தகட்டில் இருக்கிறது. அதில் டூட்டி சைக்கிள் என்ற விழுக்காடு இருக்கும். 200 ஆம்பியர், 60 விழுக்காடு என்றால், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் 200 ஆம்பியரில் ஒட்டலாம், நான்கு நிமிடம் ஓய்வு தர வேண்டும் என்று பொருள். சர்வதேசத் தரநிலை இந்தச் சோதனையை 40 பாகை செல்சியஸ் சூழலில் செய்யச் சொல்கிறது. 25 பாகையில் சோதித்த எண்ணைப் போட்டிருந்தால் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது கைகொடுக்காது. வீட்டு வேலையில் ஓர் ஓட்டம் ஒட்டி, நிறுத்தி, தட்டிப் பார்த்து, அடுத்ததைப் பொருத்துவதற்குள் ஓய்வு தானாகவே கிடைத்துவிடும் என்பதால், 150 ஆம்பியரில் 40 விழுக்காடு இருந்தாலே போதுமானது. அந்தத் தகடே இல்லாத இயந்திரத்தை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்க வேண்டாம்.

உருகிய உலோகத்தைக் காற்று தொடாமல் காக்கும் வாயுவோடு ஒட்டுவதா, வாயு இல்லாமல் ஃபிளக்ஸ் கோர் கம்பியால் (உள்ளே காப்புப் பொடி நிரம்பிய கம்பி) ஒட்டுவதா என்ற கேள்விக்கு, வண்டி வேலைக்கு வாயுதான் என்பது என் பதில். ஃபிளக்ஸ் கோர் கம்பியில் புகையும் கசடும் அதிகம். மெல்லிய தகட்டில் அதைக் கட்டுப்படுத்துவதும் கடினம். ஆனால் காற்றடிக்கும் திறந்தவெளியில் அதுவே கைகொடுக்கும். இரண்டுக்கும் மின்முனை வேறு: வாயுவோடு ஓடும் திடக் கம்பிக்கு டார்ச் (கம்பி வெளிவரும் கைப்பிடி) நேர்முனையில் இருக்க வேண்டும், வாயு இல்லாத கம்பிக்கு எதிர்முனையில். ஆகவே முனையை மாற்றிக்கொள்ளும் வசதி உள்ள இயந்திரத்தையே வாங்குங்கள். வாயுவோடு ஒட்டும்போது பக்கத்தில் டேபிள் ஃபேன் ஓடினால் வாயு கலைந்து, ஒட்டு முழுக்க அரிசிமணி அளவுத் துளைகள் விழும். இயந்திரத்தைக் குறை சொல்வதற்கு முன் ஃபேனை நிறுத்திப் பார்க்க வேண்டும்.

மென்எஃகுக்குத் தனிக் கார்பன் டை ஆக்சைடு போதும். ஆர்கானுடன் கலந்த வாயுவில் தெறிப்பு குறையும், ஒட்டு அழகாக இருக்கும், விலை கூடும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் திரவமாக இருப்பதால், அது தீரும் தறுவாய் வரை அழுத்தமானியின் முள் பெரிதாக இறங்காது. எடை போட்டால்தான் மீதி தெரியும். ஒரு கிலோ திரவம் ஏறத்தாழ 540 லிட்டர் வாயு தரும். நிமிடத்துக்கு 12 லிட்டர் வீதம் விட்டால், அது முக்கால் மணி நேர வில்லுக்கு வரும். தொடர்ந்து ஓட்டினால் ரெகுலேட்டர் உறைந்துபோகும் என்பதால் ஹீட்டர் உள்ள ரெகுலேட்டரும், அதற்கான சாக்கெட் பின்புறம் உள்ள இயந்திரமும் நல்லது. சிலிண்டர் வாங்கும்போது தோள்பட்டையில் பொறித்திருக்கும் சோதனைத் தேதியைப் படியுங்கள்.

கம்பியைப் பொறுத்தவரை, வீட்டு வேலைக்கு 0.8 மி.மீ. ஈ.ஆர்.70எஸ்-6 என்ற மென்எஃகுத் திடக் கம்பியே ஏற்றது. பெரிய பட்டறைகள் 1.2 மி.மீ. கம்பியை 400 ஆம்பியர் இயந்திரங்களில் ஓட்டுகின்றன என்பதற்காக அதை வாங்கிவர வேண்டாம். சிறிய இயந்திரங்கள் 5 கிலோ சுருள் வரைதான் கொள்ளும். அந்த அளவில் 0.8 கம்பி உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள். டார்ச், யூரோ கனெக்டர் என்ற பொதுவான இணைப்பில் கழற்றி மாட்டக்கூடியதாக இருந்தால் டிப், நாசில், லைனர் போன்ற தேயும் உதிரிகள் எல்லாம் எங்கும் கிடைக்கும். இயந்திரத்தோடு நிரந்தரமாக இணைந்த டார்ச் பழுதானால் இயந்திரமே முடங்கிவிடும். பழுதுபார்க்கும் மையம் பக்கத்து நகரத்திலாவது இருப்பது, கூடுதலாகக் கிடைக்கும் 20 ஆம்பியரைவிட உதவும். தானே மின்னழுத்தத்தைச் சரிசெய்யும் சினெர்ஜிக் வசதி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை.

கடையில் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். 3 மி.மீ. தகட்டில் இரண்டு துண்டுகளை நீங்களே எடுத்துச் சென்று, ஒன்றன்மேல் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் ஒட்டச் சொல்லுங்கள். விட்டுவிட்டு வெடிக்காமல் ஒரே சீரான பொரிசத்தம் வர வேண்டும். பிறகு நிற்கும் தகட்டை ஒட்டிய பக்கமாகச் சுத்தியலால் அடித்து மடக்குங்கள். தகடு வளைந்தும் ஒட்டு பிடித்திருந்தால் நல்லது. ஒட்டு அப்படியே பெயர்ந்து, அடித்தகட்டில் உருகிய தடமே இல்லாமல் பளபளப்பாகத் தெரிந்தால், உலோகம் உருகாமல் கம்பி மட்டும் மேலே படிந்திருக்கிறது. மிக் வெல்டிங்கின் பெரிய ஆபத்து இதுதான். மேலே பார்க்க அழகாக இருக்கும், சுமை ஏறியதும் விடும்.

இயந்திரம் வந்த பிறகும் சில இடங்களில் கை வைக்கக் கூடாது. சேசிஸ் சட்டம் பல வண்டிகளில் உயர்வலிமை எஃகு. தயாரிப்பாளர் எழுத்தில் அனுமதிக்காத இடத்தில் ஒட்டினால் சூடுபட்ட ஓரத்தில் விரிசல் விடும். முன்பக்கக் கிராஷ் கார்டை 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் தடைசெய்துவிட்டது. வண்டியில் ஒட்டும் ஒவ்வொரு முறையும் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை (மின்னோட்டம் இயந்திரத்துக்குத் திரும்பும் கவ்வி) ஒட்டும் இடத்துக்கு மிக அருகில், பெயின்ட் சுரண்டிய வெற்று உலோகத்தில் மாட்ட வேண்டும். அது தள்ளியிருந்தால் மின்னோட்டம் பேரிங் வழியாகவோ மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி வழியாகவோ திரும்பும். டீசல் டேங்கும் பிரேக் குழாயும் பக்கத்தில் இருந்தால் ஒட்டும் பாகத்தைக் கழற்றி வெளியே எடுத்துவந்து ஒட்டுங்கள். துத்தநாகம் பூசிய தகடாக இருந்தால் பூச்சைத் தேய்த்து நீக்கி, புகை முகத்தில் படாத பக்கமாக உட்காருங்கள்.