பழைய ஃபோர் வீல் வண்டி வாங்குமுன் முன் ஆக்சிலைப் பாருங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சிறிய ஃபோர் வீல் டிரைவ் (நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் விசை போகும்) வண்டியைத் தேடுபவருக்குப் பெரும்பாலும் அதற்கான வேலை காத்திருக்கும். மாந்தோப்புக்குப் போகும் செம்மண் வழி ஐப்பசி மழையில் சேறாகிவிடும். சித்தேரி மலையிலும் அஞ்செட்டிப் பக்கத்திலும் தார்ச்சாலை முடியும் இடத்துக்கு அப்பாலும் ஊர்கள் இருக்கின்றன. ஆனால் விற்பனைக்கு வரும் பழைய வண்டிகளில் பல, ஆண்டுக்கணக்கில் பின்சக்கரங்களால் மட்டுமே ஓடியவை. அவற்றின் முன் ஆக்சில், அதாவது முன்சக்கரங்களைச் சுழற்றும் அச்சு, வேலை செய்கிறதா என்பது விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். கூடுதல் விலை கொடுப்பது அந்த முன்பாதிக்காகத்தான் என்பதால், பரிசோதனையையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். நான் வாங்கிய முதல் மாருதி ஜிப்சியில் ஃபோர் வீல் ராடு (நான்கு சக்கர ஓட்டத்துக்கு மாற்றும் கைப்பிடி) சரியாக விழுந்தது, டாஷ்போர்டில் விளக்கும் எரிந்தது. முதல் மழையிலேயே தோப்புக்குள் பின்சக்கரங்கள் குழி பறித்துக்கொண்டு இறங்கின. முன்சக்கரங்கள் அசையவே இல்லை. மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்தபோது, முன் ஆக்சிலுக்கு விசை கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை யாரோ எப்போதோ கழற்றி எடுத்துவிட்டிருந்தது தெரிந்தது. விளக்குக்கான சுவிட்ச், விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கிறது. ராடு விழுந்தால் அது எரியும், சக்கரத்துக்கு விசை போகிறதா என்பதை அது சொல்லாது.

எந்த வண்டி என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 1985-இல் வந்த மாருதி ஜிப்சி, 2010-இல் வந்த முதல் தலைமுறை மகிந்திரா தார், 2020-இல் வந்த புதிய தார், 2023-இல் வந்த ஜிம்னி ஆகியவை இந்த வகையில் அதிகம் தேடப்படுபவை. ஜிம்னி எல்லாமே ஃபோர் வீல்தான். தாரில் அப்படி இல்லை: பழையதிலும் டூ வீல் டிரைவ் வகை உண்டு, புதியதில் 2023 முதல் பின்சக்கர ஓட்டம் மட்டும் உள்ள வகையும் விற்கிறது, வெளித்தோற்றத்தில் அதுவும் ஃபோர் வீல் வகையும் ஒன்றுபோலவே இருக்கும். ரெனோ டஸ்டரிலும் ஏ.டபிள்யூ.டி. என்ற வகைக்கு மட்டுமே நான்கு சக்கர ஓட்டம் உண்டு, அதிலும் லோ கியர் (மெதுவாக, அதிக இழுவிசையோடு ஊர உதவும் கியர்) கிடையாது. ஏற்றத்தில் பாரத்தோடு ஊர்ந்து போக வேண்டியவருக்கு லோ கியர் இல்லாத வண்டி பயன்படாது என்பது என் கருத்து.

முன்பாதியைச் சோதிக்கச் சேறு தேவையில்லை, ஒரு ஜாக்கி போதும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, கை பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்து, முதல் கியரில் விட்டு, முன்சக்கரங்களில் ஒன்றை மட்டும் தரையிலிருந்து தூக்குங்கள். ராடு 2 ஹெச் (பின்சக்கர ஓட்டம் மட்டும்) நிலையில் இருக்கும்போது அந்தச் சக்கரம் கையால் தள்ளினால் தாராளமாகச் சுழல வேண்டும். 4 ஹெச் (நான்கு சக்கர ஓட்டம்) நிலைக்கு மாற்றிய பிறகு அதே சக்கரம் சிறிது ஆடி அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். முன்சக்கர ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) கையால் திருப்பும் பூட்டு உள்ள வண்டியானால் இரண்டு பக்கமும் பூட்டிவிட்டுப் பாருங்கள். அப்போதும் சக்கரம் சுழன்றால், ஷாஃப்ட், ஹப், கிரவுன் பல் (ஆக்சிலுக்குள் சுழலும் பெரிய பல்சக்கரம்), ஆக்சில் ஆகியவற்றில் ஏதோ ஒன்று போயிருக்கலாம். சக்கரம் தூக்கிய நிலையிலேயே அதன் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சாணி) பேரிங்கோ வீல் பேரிங்கோ தேய்ந்திருக்கும், வேகத்தில் ஸ்டியரிங் உதறும்.

அடுத்து, முன், பின் ஆக்சில்களின் நடுவே உள்ள பல்சக்கரப் பெட்டிகளான டிஃபரன்ஷியல்களின் ஆயில் ஊற்றும் போல்ட்டைக் கழற்றி, விரலை விட்டு ஆயிலைத் தொட்டு எடுத்து வெயிலில் பாருங்கள். தேன் நிறமோ கருமையோ பிரச்சினையில்லை. பால் ஊற்றிய டீயின் நிறத்தில் இருந்தால் வண்டி தண்ணீரில் இறங்கியிருக்கிறது, அதன் பிறகு யாரும் ஆயில் மாற்றவில்லை. விரலில் வெள்ளித் தூள்போல மின்னினால் பல் தேய்கிறது. இப்படிப் பார்க்க விடாத விற்பனையாளரிடம் நான் மேற்கொண்டு பேசுவதில்லை. ஜிப்சியிலும் ஜிம்னியிலும் முன்சக்கரத்தின் உட்புறம் உருண்டையாகத் தெரியும் நக்கிளில் (சக்கரம் திரும்பும் மூட்டு) ஆயில் வழிந்து மண் அப்பியிருந்தால் சீல் போயிருக்கிறது. அது வண்டியை ஒதுக்கும் காரணமல்ல, விலையைக் குறைக்கும் காரணம்.

பிறகு ஓட்டிப் பாருங்கள். ஊருக்கு வெளியே காய்ந்த ஏரிக்கரை மண்ணே போதும்; காட்டுக்குள் இறக்கக் கூடாது, அஞ்செட்டிப் பக்கக் காட்டின் பெரும்பகுதி வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருகிறது. வண்டியை நிறுத்திய பின்பே 4 எல் (லோ கியரில் நான்கு சக்கர ஓட்டம்) போட்டு, ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அதிகம் மிதிக்காமல் ஏற விடுங்கள். ராடு தானாக வெளியே துள்ளக் கூடாது. முன்னும் பின்னுமாக மாற்றி எடுக்கும்போது டொக் என்று சத்தம் வந்தால் ஷாஃப்ட்டின் மூட்டான கிராஸ் தேய்ந்திருக்கும், அது சிறு செலவு. காய்ந்த தார்ச்சாலையில் 4 ஹெச் போட்டு வளைக்க வேண்டாம். இவ்வகை வண்டிகளில் முன், பின் ஆக்சில்கள் இறுகிக்கொண்டு கியர்களை வருத்தும். நான்கு டயர்களும் ஒரே அளவாகவும் ஏறக்குறைய ஒரே தேய்மானத்தோடும் இருக்க வேண்டியதும் இதனால்தான். சேஸிஸில் புது வெல்டிங் தெரிகிறதா என்று பின் ஆக்சிலுக்கு மேலே டார்ச் அடித்துப் பாருங்கள். நம் பக்கத்தில் துரு குறைவு. கடற்கரை ஊரிலிருந்து வந்த வண்டியில் அது அடியிலிருந்து தின்றிருக்கும்.

ஆவணங்களில் கவனிக்க வேண்டியது, பெங்களூரு அருகில் இருப்பதால் இங்கே வந்து சேரும் கர்நாடகப் பதிவு வண்டிகள். என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) அங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28 வழியாக வர வேண்டும். அது கையில் வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். இங்கே தருமபுரிக்கு டி.என். 29, கிருஷ்ணகிரிக்கு டி.என். 24, ஓசூருக்கு டி.என். 70 என்று புதிய எண் பெறும்போது தமிழ்நாட்டின் சாலை வரியையும் கட்ட வேண்டும் என்பதால், மலிவாகத் தெரிந்த விலை அங்கே ஏறிவிடும். கடன் இருந்த வண்டியானால் அது தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35 வேண்டும். இன்ஜின், சேஸிஸ் எண்களை ஆர்.சி. புத்தகத்தோடு நீங்களே நேரில் ஒப்பிடுங்கள். ராணுவ ஏலத்தில் வந்ததாகச் சொல்லப்படும் ஜிப்சிகளில் இதைத் தவறவே விடக் கூடாது. பதிவாகி 15 ஆண்டு கடந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் கட்டணம் 5,000 ரூபாய், 20 ஆண்டு கடந்தால் இன்னும் கூடும். அதற்கு முன் வண்டி தகுதிச் சோதனையில் தேற வேண்டும்.

வாங்கிய வாரத்திலேயே பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்து, காப்பீட்டையும் 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இன்ஜின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு டிஃபரன்ஷியல்கள் என எல்லா ஆயிலையும் ஒரே நாளில் புதிதாக ஊற்றிவிடுங்கள். அதன் பின் மாதம் ஒருமுறையாவது மண் பாதையில் இரண்டு கிலோமீட்டர் 4 ஹெச் போட்டு ஓட்டினால், ராடு இறுகாமலும் முன்பக்கத்து சீல்கள் காயாமலும் இருக்கும்.