ரூலெட் பொட் கறுப்பில் மட்டும் தோற்காமல் ஓடியது: திருத்திய விதம்

பைதன் நிரல்மொழியில் எழுதிய ஐரோப்பிய ரூலெட் (0 முதல் 36 வரை 37 குழிகளுள்ள சுழல்சக்கரச் சூதாட்டம்) மாதிரி இது; பொட், அதாவது தானியங்கி நிரல், பந்தயம் வைக்கும், உண்மைக் காசு இல்லை. கறுப்பில் 100 ரூபாய் வீதம் 10 இலட்சம் சுற்று ஓடவிட்டால் கிட்டத்தட்ட 27 இலட்சம் நட்டம் வரவேண்டும். வந்ததோ பூச்சியத்தை ஒட்டிய தொகை. சிவப்பில் வைத்தால் நட்டம் இரண்டு மடங்கு.

பிழை ஒரே வரியில். எழுந்தமானமாக எண் எடுக்கும் ராண்ட்ரேஞ்ச் என்ற கட்டளைக்கு 0, 36 என்று கொடுத்தால் 35 உடன் நின்றுவிடும். 36 சிவப்பு எண்; அது விழாததால் 36 குழிகளில் 18 கறுப்பு, சரிபாதி. 37 என்று மாற்றியதும் கணக்கு சரிவந்தது.

அடுத்தது, 100 ரூபாயில் தொடங்கி, தோற்கத் தோற்கப் பந்தயத்தை இரட்டிப்பாக்கும் பகுதி. மீதி கழித்தல் குறிக்குப் போனாலும் பொட் பந்தயம் வைத்துக்கொண்டே இருந்தது. அப்படியானால் எவனும் வெல்லுவான். தொடர்ந்து 10 தரம் தோற்றால் போவது 1,02,300 ரூபாய். 100 ரூபாயில் புதிதாகத் தொடங்கும் 784 தடவைகளில் ஏறக்குறைய ஒருமுறை அது நடக்கும். அடுத்த பந்தயம் மீதியை மிஞ்சினால் நிறுத்து என்ற நிபந்தனையைப் போட்டேன். மேசை உச்சவரம்பும், அதாவது ஒரு பந்தயத்துக்கான அதிகபட்சத் தொகையும் வேண்டும்.

திருகோணமலையில் மேசைக் கணினியில் ஓட்டுவதென்றால் 10,000 சுற்றுக்கொருமுறை கோப்பில் எழுதுங்கள், கரண்ட் போனால் எல்லாம் போச்சு. உண்மையான தளத்தில் பொட் விட்டால் கணக்கை முடக்கிவிடுவார்கள்.