முதலில் லீவை எழுதுங்கள், அப்புறம் ஊரை

எங்கள் ஸ்டாஃப் ரூமில் யாரிடம் கேட்டாலும் ஆசைப்பட்டியல் ஒன்றுதான்: பாரிஸ், துபாய், சிங்கப்பூர், சுவிட்சர்லாந்து. கடைசியில் இருப்பது ஊரே இல்லை, நாடு என்று சொன்னால், "சோஷியல் டீச்சர் ஆரம்பிச்சிட்டாங்க" என்பார்கள்.

ஊர்ப் பெயரில் ஆரம்பிக்கும் பட்டியல் பெரும்பாலும் நோட்டை விட்டுக் கிளம்புவதில்லை. அதனால் நான் லீவில் ஆரம்பிப்பேன். திருச்சியில் பள்ளி ஆசிரியையான எனக்கு ஊர் சுற்றத் தோதான லீவு நான்கு: செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறை, டிசம்பர் கடைசியில் அரையாண்டு விடுமுறை, பொங்கல், அப்புறம் மே மாதம். நோட்டில் ஒவ்வொரு லீவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மனதில் இருக்கும் ஊர்கள் எந்தப் பக்கத்துக்குப் பொருந்தும் என்று பாருங்கள். பல ஊர்கள் இந்த இடத்திலேயே கழன்றுவிடும்.

கியோட்டோவில் செர்ரி பூப்பது மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும். நமக்கு அது பரீட்சைக் காலம். அங்கே இலை சிவப்பது நவம்பரில், எனக்கு அப்போதும் லீவு இல்லை. லீவு இல்லாத ஊர்களுக்காக "ரிட்டயர்மென்ட்" என்று தனியாக ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். கியோட்டோ அங்கே காத்திருக்கட்டும். தாய்லாந்தின் சியாங் மாய்க்கு முழுப்பரீட்சை முடிந்த கையோடு போகலாம் என்று ஆசை காட்டுவார்கள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை அங்கே வயலையும் காட்டையும் எரிக்கிற புகைமூட்டம். வியட்நாமின் ஹோய் ஆனில் அக்டோபர், நவம்பரில் ஆற்று வெள்ளம் தெருவுக்கே வரும். புகைப்படத்தில் இதெல்லாம் தெரியாது.

மாறாக, சில ஊர்கள் நம் லீவுக்கென்றே அமைந்திருக்கும். பொங்கலுக்கு அகமதாபாத். ஜனவரி 14 அங்கே உத்தராயண், ஊரே மொட்டைமாடியில் ஏறிப் பட்டம் விடும், மறுநாளும் தொடரும். பழைய நகரத்தின் 'போல்' என்கிற குறுகலான குடியிருப்புச் சந்துகளில் மாடியை அன்றைக்கு மட்டும் வாடகைக்கு விடுகிறார்கள். சாப்பிட உந்தியு என்கிற காய்கறிக் கலவை, ஜிலேபி. மாஞ்சா நூல் கழுத்தை அறுக்கும், அதனால் டூ வீலர் வேண்டாம், ஆட்டோவில் போங்கள். ஒரு நாள் மிச்சமிருந்தால் 1499-இல் கட்டிய அடாலஜ் படிக்கிணறு பக்கத்திலேயே இருக்கிறது.

காலாண்டு விடுமுறை நவராத்திரியோடு சேர்ந்து வரும் வருடம் கொல்கத்தா. துர்கா பூஜை பந்தல்களை ராத்திரியில் பார்ப்பதுதான் வழக்கம். என்னைக் கேட்டால் காலை ஏழு மணிக்குப் போங்கள், கூட்டத்தில் நசுங்காமல் வேலைப்பாட்டை நின்று பார்க்கலாம். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கும், அன்றைக்குக் காலை எட்டு மணிக்குத் தயாராக இருங்கள். தங்குமிடத்தை அதற்கும் முன்பே பிடித்துவிட வேண்டும்.

அடுத்த சோதனை: ஒவ்வொரு ஊருக்கும் பக்கத்தில், அங்கே போய் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். "ஈஃபிள் டவர் பார்ப்பேன்" என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அது எல்லோரும் எழுதுகிற வரி. உங்கள் வேலையோ, படித்ததோ, சாப்பாட்டுப் பித்தோ அந்த வரியில் தெரிய வேண்டும். வரி வரவில்லையா, அந்த ஊர் உங்களுடையது இல்லை.

என் மே மாதப் பக்கத்தில் முதலில் நிற்பது உஸ்பெகிஸ்தானின் சமர்கண்ட். அதை இழுத்து வந்தது ஜெய்ப்பூர். அங்கே ஜந்தர் மந்தர் என்கிற பழைய வானியல் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் பெரிய சூரியக் கடிகாரமான சாம்ராட் யந்திரத்தில், நிழல் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதைக் கட்டிய மன்னர் இரண்டாம் ஜெய்சிங், சமர்கண்டை ஆண்ட உலூக் பெக்கின் வானியல் அட்டவணைகளை வைத்துப் பாடுபட்டவர். உலூக் பெக் தைமூரின் பேரன். 1437-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களை அட்டவணைப்படுத்தியவர். அவர் கொலையான பின் சமர்கண்டில் அவர் கட்டிய வானியல் ஆய்வுக்கூடத்தை இடித்துவிட்டார்கள். 1908-இல் தோண்டியபோது கிடைத்த, வானத்தை அளக்க வைத்திருந்த, நிலத்துக்குள் இறங்கும் ராட்சத வளைவுதான் இன்று மிச்சம். நான் ஏழாம் வகுப்புக்குப் பாடம் நடத்தும் பாபர், 14 வயதில் இந்த ஊரைப் பிடித்து, நூறு நாள் போல வைத்திருந்து இழந்தவர். அந்த வருத்தம் அவருக்குக் கடைசிவரை தீரவில்லை. சமர்கண்டுக்கு நான் எழுதிய வரி: "அந்த வளைவுக்கு மேலே நின்று எட்டிப் பார்க்க வேண்டும்."

மே முதல் பாதி அங்கே இதமானது, ஜூன் பிறந்தால் வெயில் ஏறிவிடும். டெல்லியிலிருந்து தாஷ்கண்டுக்கு விமானம், அங்கிருந்து அஃப்ரோசியாப் அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம் சொச்சம். இந்தியர்களுக்கு இ-விசா உண்டு. சைவம் சாப்பிடுகிறவர்கள் கவலைப்பட வேண்டாம்: ரொட்டி, தக்காளி சாலட், அந்தப் பருவத்துச் செர்ரி.

இப்படி ஓர் ஊர் இன்னோர் ஊரை இழுத்து வந்தால் அதை விடாதீர்கள். ஜெய்ப்பூரை மட்டும் மே மாதத்தில் வைக்காதீர்கள், அது டிசம்பர் பக்கம்.

டிசம்பரிலேயே மலேசியாவில் பினாங்கின் ஜார்ஜ் டவுனும் இருக்கிறது. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானம், அப்புறம் பட்டர்வொர்த் வரை ரயில், கடைசியில் படகு. சூலியா தெருவில் நம் நாகூர் தர்காவின் பெயரிலேயே ஒரு தர்கா இருக்கிறது. திருச்சிக்காரர்களுக்கு இதைவிட எளிய வெளிநாடு இல்லை.

கூட வருகிறவரின் உடம்பையும் நோட்டில் எழுதுங்கள். அத்தைக்குக் காசி ஆசை, ஆனால் முழங்கால் ஒத்துழைக்காது, அங்கே படித்துறை எல்லாம் செங்குத்து. ஜூலை முதல் செப்டம்பர் வரை கங்கை ஏறி, படிகள் முழுகி, படகை நிறுத்திவிடுவார்கள். டிசம்பரில் மூடுபனி, ரயில்கள் மணிக்கணக்கில் தாமதம். மிஞ்சுவது காலாண்டு விடுமுறையின் கடைசி நாட்களான அக்டோபர் தொடக்கம். அதனால் கொல்கத்தாவையும் காசியையும் வருடம் மாற்றி வைத்திருக்கிறேன். காசிக்குப் போகும் வருடம் ரூமைப் படித்துறையில் பார்க்காமல், ஆட்டோ வாசல்வரை வரும் தெருவில் பார்ப்பதாகத் திட்டம்.

வெளிநாட்டு ஊருக்கு இன்னொரு வேலையும் உண்டு. பாஸ்போர்ட் காலாவதி ஆக ஆறு மாதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா பாருங்கள். அரசு வேலையில் இருப்பவர்கள் வெளிநாடு போகத் துறையின் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும், அந்த ஃபைல் மெதுவாகத்தான் நகரும். மே மாதப் பயணத்துக்கு ஜனவரியிலேயே மனு கொடுத்துவிடுங்கள். டிக்கெட் அதற்கப்புறம்.