கட்டுக்காப்புக் கட்டளை கைக்கு வரும்வரை

விசாரணை முடிந்து கொழும்பு புதுக்கடை நீதிமன்ற வளாகத்தை விட்டு வெளியே வரும் தாயோ தந்தையோ, பிள்ளை யாரிடம் இருக்கப்போகிறது என்பது, அதாவது கட்டுக்காப்பு, அன்றோடு தீர்ந்துவிட்டதாக எண்ணுவது இயல்பு. ஆனால் திறந்த மன்றில் சொல்லப்பட்ட சொல்லுக்கும், முத்திரையிட்டுச் சான்றுப்படுத்திய பிரதி கைக்கு வருவதற்கும் இடையில் வாரங்கள் கழியலாம். ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறைகள் குறுக்கிட்டால் இன்னும் நீளும். கொழும்பில் அந்த நாட்களைக் கடந்து வந்த ஒரு தாயாக இதை எழுதுகிறேன்.

மண்டபத்தை விட்டுப் போவதற்கு முன்பே உங்கள் சட்டத்தரணியிடம் ஒன்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: இன்று வழக்கேட்டில் எழுதப்பட்டது என்ன? இரு தரப்பும் ஒப்புக்கொண்ட இணக்கமா, வழக்கு முடியும்வரை மட்டும் செல்லும் இடைக்காலக் கட்டளையா, தீர்ப்பா, அல்லது தீர்ப்புக்காக இன்னொரு தவணையா? விவாகரத்து வழக்கின் ஊடாகக் கட்டுக்காப்பைக் கேட்டிருந்தால், முதலில் வரும் தீர்ப்பாணை முற்றானதாவதற்கு, அதாவது இறுதியானதாவதற்கு, குறைந்தது 3 மாதங்கள் செல்லும் என்பதால், உங்கள் கையிலுள்ள கட்டளை எந்தக் கட்டத்துக்கு உரியது என்று அறிந்திருப்பது அவசியம். முஸ்லிம் பெற்றோரின் விவாகரத்தைக் காதி நீதிமன்றம் விசாரித்தாலும், கட்டுக்காப்புக்கு அவர்களும் மாவட்ட நீதிமன்றத்துக்கே வர வேண்டும்.

பிரதிக்காகக் காத்திருந்தே மேன்முறையீட்டுக் காலத்தைத் தவறவிட்டவர்கள் உண்டு. மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பை ஏற்க முடியாவிட்டால், மேன்முறையீட்டு அறிவித்தலை 14 நாட்களுக்குள்ளும் மனுவை 60 நாட்களுக்குள்ளும் கொடுக்க வேண்டும். இடைக்காலக் கட்டளைக்கு எதிராக மேன்முறையீடு செய்ய அனுமதி கோருவதற்கும் 14 நாட்களே. இந்தக் கணக்கு தீர்ப்புச் சொல்லப்பட்ட தினத்திலிருந்து ஓடுகிறது, பிரதி கிடைத்த தினத்திலிருந்து அல்ல. ஆகவே பிரதிக்கான விண்ணப்பத்தை அன்றே அல்லது மறுநாளே வழக்கு இலக்கத்தோடு ஒப்படைத்து, பணம் கட்டிய பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

தமிழ் பேசுவோர் கவனிக்க வேண்டிய இன்னொன்று மொழி. வடக்கு, கிழக்குக்கு வெளியே நீதிமன்றப் பதிவேடுகள் சிங்களத்தில் எழுதப்படுகின்றன. அந்த மொழி அறியாத தரப்பினருக்கு அரச செலவில் உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தருகிறது. பதிவேட்டில் நீங்கள் பெறத் தகுதியுள்ள பகுதியைத் தமிழில் கேட்டு வாங்கவும் முடியும். வெட்கப்படாமல் கேளுங்கள். என் மகளின் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. சிங்களத்தில் அந்த எழுத்து இல்லாததால், கட்டளை தமிழுக்குத் திரும்பியபோது அது ளகரமாக வந்து, பிறப்புச் சான்றிதழோடு பொருந்தாமல் போனது. இது யாருடைய தவறும் அல்ல. மூலக் கட்டளையிலேயே இப்படியான எழுத்துப் பிழை இருந்தால், குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 189ஆம் பிரிவின் கீழ்த் திருத்துமாறு உங்கள் சட்டத்தரணி விண்ணப்பிக்கலாம். பிரதி வந்ததும் பெயர், பிறந்த தேதி, பிள்ளையைக் கையளிக்கும் நாள், நேரம், இடம் ஆகியவற்றை விரல் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

காத்திருக்கும் நாட்களில், ஏட்டில் இறுதியாக எழுதப்பட்ட கட்டளையே உங்களைக் கட்டுப்படுத்தும். அதை மீறிப் பிள்ளையைத் தர மறுப்பது நீதிமன்ற அவமதிப்பாகலாம். அதைவிட, பிள்ளையின் மனதில் விழும் வடு பெரிது. ‘வார இறுதி’ என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால் வெள்ளி மாலையா, சனி காலையா என்ற தர்க்கம் எழும். அதை வாய்ப்பேச்சில் விடாமல் சட்டத்தரணிகள் ஊடாகக் கடிதத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். நான் ஒரு பாடசாலைக் கொப்பியில் ஒவ்வொரு சந்திப்பின் தேதியையும், வந்த நேரத்தையும், திரும்பிய நேரத்தையும் மட்டும் எழுதிவந்தேன். கோபத்தை அதில் ஒரு வரிகூட எழுதவில்லை. பின்னர் கேள்வி எழுந்தபோது அந்த வெறும் நேரக் குறிப்புகளையே என் சட்டத்தரணி கேட்டு வாங்கினார். பிள்ளையிடம் “யாரோடு இருக்க விருப்பம்” என்று கேட்காதீர்கள். அடுத்த சனிக்கிழமை எங்கே உறங்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

பிள்ளையின் மற்றப் பெற்றோர் பிள்ளையோடு நாட்டை விட்டுச் செல்லக்கூடும் என்ற நியாயமான அச்சம் இருந்தால், இறுதிக் கட்டளை வரும்வரை பொறுக்காமல் உடனே தடைக் கட்டளை கோருங்கள். கிடைத்ததும் அதன் பிரதியைப் பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு, குடியகல்வுத் திணைக்களத்திடம் ஒப்படைக்க வேண்டும். நாடு கடந்து கொண்டுசெல்லப்பட்ட பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவது பற்றிய ஹேக் உடன்படிக்கையில் இணைந்த நாட்டிலிருந்து பிள்ளையை மீட்க 2001ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் வழி தருகிறது என்றாலும், புறப்படுமுன் தடுப்பதே எளிது. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் புதுக்கடையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

சான்றுப்படுத்திய பிரதி கிடைத்ததும் அதை வீட்டில் வைத்துக்கொண்டு, பாடசாலை அதிபருக்கும் பிள்ளையை ஏற்றி இறக்கும் உறவினருக்கும் நகல் கொடுங்கள். வாசலில் யார் வந்தால் பிள்ளையை அனுப்பலாம் என்பதை அதிபர் அந்தத் தாளைப் பார்த்தே தீர்மானிக்க முடியும்.