புதுசா சூப்பர்வைசர் ஆயிட்டீங்களா? ஆளுங்க மொதல்ல ஒங்க ரோஸ்டரத்தான் பாப்பாங்க

சிங்கப்பூர்ல நம்மாளுங்க நெறைய பேரு ஒரே கம்பெனியில வருஷக்கணக்கா இருந்து, கோர்ஸ் எல்லாம் முடிச்சு, திடீர்னு ஒரு நாள் சூப்பர்வைசர் ஆயிடுறாங்க. நேத்து வரைக்கும் பக்கத்துல நின்னு கிரைண்டர் புடிச்சவன் இன்னைக்கு வந்து அண்ணே ஒரு நாள் லீவு வேணும்ங்கறான். கம்பெனி ஒரு வாக்கி டாக்கி குடுக்கும், வேற கலர்ல ஹெல்மெட் குடுக்கும், ஆனா ஆளை எப்படி நடத்தணும்னு யாரும் ஒக்கார வச்சு சொல்லித் தர மாட்டாங்க. லீடர்ஷிப்னு ஒரு நாள் கோர்ஸ் அனுப்புவாங்க, அங்க விஷன் மிஷன்னு ஸ்லைடு ஓடும், திரும்பி துவாஸ் தொழிற்பேட்டைக்கு வந்தா லாரி லேட்டு, ரெண்டு பேரு எம்சி (மருத்துவ லீவு), சண்டே வேலைக்கு ஆள் வேணும். இந்தப் பதிவு அந்த நெலமைல இருக்கறவங்களுக்குத்தான். ஆபீஸ் டீம் பாக்கறவங்களுக்கும் பாதி ஒத்துவரும்.

பரிமாறுறவன் நம்மாளா இருந்தா கடைசி பந்தியில ஒக்காந்தா என்னன்னு ஊர்ல சொல்லுவாங்கல்ல, ஒங்க டீம்ல ஒவ்வொருத்தனும் ஒங்களப் பாத்து அதத்தான் யோசிச்சிட்டு இருக்கான், இவரு யாருக்கு நம்மாளுன்னு. நீங்க எவ்வளவு நல்லாப் பேசினாலும் சரி, அவன் கவனிக்கிறது ஓடி (ஓவர்டைம்) யாருக்குப் போகுது, லீவு யாருக்குக் கெடைக்குது, திட்டு யாருக்கு விழுதுங்கறதத்தான். அதனால நேர்மையா இருக்கேன்னு மனசுக்குள்ள வச்சிருந்தா பத்தாது, பங்கு போடுறத எல்லார் கண்ணுக்கும் தெரியற மாதிரி போடணும்.

மொதல்ல ஓடி. அடிப்படைச் சம்பளம் கம்மியா இருக்கற எடத்துல ஓடிதான் ஊருக்கு அனுப்புற காசு, ஏஜென்ட்டுக்குக் கட்டுன கடன், தங்கச்சி கல்யாணம் எல்லாமே. நீங்க சும்மா வாய்ல "டேய் நீயும் நீயும் இருங்க"ன்னு ரெண்டு பேரக் கூப்பிட்டா, அடுத்த வாரமும் அதே ரெண்டு பேரக் கூப்பிட்டா, மத்த எட்டு பேரும் ஒங்க கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டாங்க, டாமிட்டரில ராத்திரி சமைக்கறப்ப பேசிக்குவாங்க. இதுக்கு ஒரு ஏ4 பேப்பர் போதும். பேரெல்லாம் வரிசையா எழுதி டூல்பாக்ஸ் மீட்டிங் (வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி போடற பாதுகாப்புக் கூட்டம்) நடக்கற எடத்துல ஒட்டுங்க, ஓடி வந்தா மேலேருந்து வரிசையா கேளுங்க, வேணாம்னு சொன்னா அடுத்தவன், சொன்னவன் பேரு பக்கத்துல ஒரு கோடு, அவ்வளவுதான். வெல்டிங் மாதிரி குறிப்பிட்ட ஆளுதான் வேணும்னா அவனையே எடுங்க, தப்பில்ல, ஆனா "இன்னைக்கு வெல்டர் வேணும், அதான் முருகேசு"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு எடுங்க. காரணம் தெரிஞ்சா யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க. இன்னொண்ணு, மாசத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல ஓடி குடுக்க சட்டத்துல எடமில்ல, ஒரு நாளைக்கு மொத்தமா 12 மணி நேரந்தான், அதனால ஒருத்தனுக்கே கொட்டிக் குடுத்தா மாசக் கடைசில அவனும் மாட்டுவான் நீங்களும் மாட்டுவீங்க.

கணக்கு போடத் தெரிஞ்சுக்கங்க, அட்மின் பொண்ணு பாத்துக்கும்னு விடாதீங்க. வேலை நியமனச் சட்டத்தோட நாலாவது பகுதிதான் வேலை நேரம், ஓடி, ஓய்வு நாள் எல்லாம் சொல்றது, உடல் உழைப்பு வேலை பாக்கறவங்களுக்கு மாச அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைக்கும், மத்தவங்களுக்கு 2,600 வெள்ளி வரைக்கும் அது பொருந்தும், மேனேஜர் எக்ஸிகியூட்டிவ்க்கு கெடையாது. ஒருத்தனுக்கு அடிப்படை 1,200 வெள்ளின்னு வைங்க. அத 12 ஆல பெருக்கி, 52 வாரம் பெருக்கல் வாரத்துக்கு 44 மணி நேரம்னு வர்ற 2,288 ஆல வகுத்தா ஒரு மணி நேரத்துக்கு 6.29 வெள்ளி. ஓடி ஒன்றரை மடங்கு, அப்ப 9.44 வெள்ளி. ஆளு வந்து "அண்ணே எனக்கு மூணு மணி நேரம் கொறையுது"ன்னா அது 28 வெள்ளி சொச்சம், நமக்கு அது ஒண்ணுமில்லாத மாதிரி தெரியலாம், அவன் அத மாசம் பூரா மனசுல வச்சிருப்பான்.

ஞாயித்துக்கிழமைலதான் பெரிய வில்லங்கமே. ஓய்வு நாள்ல கம்பெனி கூப்பிட்டு முழு நாள் வேலை பாத்தா ரெண்டு நாள் சம்பளம், அவனே கேட்டு வந்து முழு நாள் பாத்தா ஒரு நாள் சம்பளம். அதே 1,200 வெள்ளிக்காரனுக்கு வாரத்துல ஆறு நாள் வேலைன்னா ஒரு நாள் கூலி 46.15 வெள்ளி வரும். கம்பெனி கூப்பிட்டா 92.30, அவனா கேட்டா 46.15. இந்த வித்தியாசம் யார் கேட்டாங்கங்கற ஒரே ஒரு கட்டத்துல இருக்கு, அந்தக் கட்டத்த நெரப்புறது யாரு? நீங்கதான். சைட்ல அர்ஜென்ட்டுன்னு நீங்க போன் போட்டு கூப்பிட்டுட்டு, பேப்பர்ல "தொழிலாளி விருப்பம்"னு எழுதி நீட்டுனா அவன் கையெழுத்து போட்டுடுவான், ஏன்னா அவன் வேலை பெர்மிட் கம்பெனி கையில. சட்டப்படி அது தப்பு, சும்மா மனுஷனா பாத்தா அது திருட்டுதான், வேற பேரு கெடையாது. கூப்பிடறப்பவே வாட்ஸ்அப்ல "ஞாயிறு காலை 8 மணி, கம்பெனி வேலைக்கு வர முடியுமா"ன்னு எழுதிக் கேளுங்க. அவன் முடியாதுன்னா விட்டுடுங்க, ரொம்ப அவசரமான சில சூழ்நிலைய தவிர ஓய்வு நாள்ல வரச் சொல்லி கட்டாயப்படுத்த முடியாது. சில பேருக்கு அந்த ஒரு நாள்தான் தேக்கா (லிட்டில் இந்தியா) போயி ஊர்ல இருந்து வந்தவன பாக்கற நாளு.

மணி நேரத்த தெனமும் சாயங்காலமே எழுதி ஆளு கிட்ட காட்டி இனிஷியல் வாங்குங்க, போன்ல போட்டோ எடுத்து அவனுக்கும் அனுப்பிடுங்க. மாசக் கடைசில ஞாபகத்துல இருந்து எழுதற ஷீட்டு எப்பவும் தகராறுதான். 2016 ஏப்ரல்லேருந்து பேஸ்லிப்ல எல்லாம் தனித்தனியா பிரிச்சுக் காட்டணும், ஓடி மணி நேரம் உட்பட. சம்பளம் மாசம் முடிஞ்சு 7 நாளைக்குள்ள, ஓடி காசு 14 நாளைக்குள்ள.

அடுத்து லீவு. தீபாவளிக்கு நம்மாளுங்க எல்லாரும் ஒரே நேரத்துல கேப்பாங்க, நோன்புப் பெருநாளுக்கு பங்களாதேஷ் பசங்க, சீனப் புத்தாண்டுக்கு சீனாக்காரங்களும் மலேசியாக்காரங்களும். வருஷ ஆரம்பத்துலயே ஒரு சார்ட் போட்டு யாரு எந்தப் பண்டிகைக்கு ஊருக்குப் போறான்னு வாங்கிடுங்க, ஒருத்தன் பண்டிகைக்கு இன்னொருத்தன் நிக்கற மாதிரி மாத்தி விடுங்க. நானா பாத்தவரைக்கும் இதுல ஆளுங்க ரொம்ப தாராளமாத்தான் இருக்காங்க, "அவனோட பெருநாளு நான் நிக்கறேன், எனக்குத் தீபாவளிக்கு அவன் நிக்கட்டும்"னு அவங்களே பேசி முடிச்சுடுவாங்க, நம்ம வேலை அத எழுதி வைக்கறது மட்டுந்தான். தைப்பூசத்துலதான் புது சூப்பர்வைசருங்க மறந்துடுறாங்க, அது 1968-க்கு அப்புறம் இங்க பொது விடுமுறை இல்ல, காவடி எடுக்கறவனோ பால்குடம் எடுக்கறவனோ வருஷ லீவுலதான் போடணும், கடைசி நேரத்துல வந்து நிப்பான். நம்மாளுதானேன்னு அவனுக்கு மட்டும் சார்ட்ட மீறி லீவு குடுத்தீங்கன்னா மொத்த சார்ட்டும் காலி.

இங்க ஒரு கசப்பான விஷயம் சொல்லியே ஆகணும். சீனம் பேசத் தெரிஞ்ச ஆளு வேணும்னு தேவையே இல்லாத வேலைக்கு விளம்பரம் வந்தா நமக்கு கோவம் வருது, வரணும். அதே நாம சூப்பர்வைசர் ஆனதும் டூல்பாக்ஸ் மீட்டிங்க முழுக்கத் தமிழ்ல நடத்துறோம், மூணு பங்களாதேஷ் பசங்களும் ஒரு மியன்மார் பையனும் பேந்தப் பேந்த முழிச்சிட்டு நிக்கறாங்க, கடைசில "ஓகே அண்டர்ஸ்டாண்ட்?"னு கேட்டா எல்லாரும் தலைய ஆட்டுறாங்க. ஜோக்கு நமக்கு, ரிஸ்க்கு அவனுக்கு. வேலை சம்பந்தப்பட்டத எல்லாருக்கும் புரியற மொழில, எளிமையா, கையால காட்டிச் சொல்லுங்க, அப்புறம் அவனையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்க, டீக்கடை பேச்சுக்குத் தமிழ் இருக்கட்டும். 2025 ஜனவரில நாடாளுமன்றத்துல நிறைவேறுன வேலையிட நியாயச் சட்டத்துல இனம், மதம், மொழி, வயசு, கர்ப்பம், மனநலம்னு பல காரணங்களால பாகுபாடு காட்டக் கூடாதுன்னு வருது, ஆரம்பத்துல 25 பேருக்குக் கொறவான கம்பெனிக்கு விலக்கு உண்டு. விலக்கு இருக்கேன்னு ஆடற கம்பெனில ஆளு தங்க மாட்டான், அது வேற கதை.

அடி பட்டா என்ன பண்ணணுங்கறது ரொம்ப முக்கியம். விரல் நசுங்கி கிளினிக் போறப்ப கூடவே ஒரு சூப்பர்வைசர் போயி டாக்டர் கிட்ட "எம்சி வேணாம், லைட் டியூட்டி (லேசான வேலை) போட்டுடுங்க"ன்னு நிக்கற பழக்கம் பல எடத்துல இருந்துச்சு, கம்பெனியோட பாதுகாப்பு ரெக்கார்டு கெடக் கூடாதுன்னு. 2020 செப்டம்பர் 1-லேருந்து வேலையில பட்ட அடிக்கு ஒரு நாள் எம்சியோ லைட் டியூட்டியோ எது குடுத்தாலும் மனிதவள அமைச்சுக்கு ரிப்போர்ட் பண்ணணும், அதனால அந்தத் தந்திரத்துல இப்ப பிரயோஜனமும் இல்ல. கூடப் போங்க, மொழிபெயர்த்து உதவுங்க, ஆனா டாக்டர் கேக்கறதுக்கு அடிபட்டவன் பதில் சொல்லட்டும். அவனுக்கு எம்சி நாளுக்கு காயத்துக்கான இழப்பீட்டுச் சட்டப்படி சம்பளம் உண்டு, அதுக்கு எடுக்கற மாசச் சராசரிச் சம்பளத்துல ஓடியும் சேரும்னு எடுத்துச் சொல்லுங்க, பாதி பேரு அது தெரியாமத்தான் கட்டோட வேலைக்கு வந்து நிக்கறான்.

அடி படறதுக்கு முன்னாடியே தெரியணும்னா, தப்ப வந்து சொன்னவன திட்டக் கூடாது. "அண்ணே சரக்கு தூக்கற ஸ்லிங் லேசா அறுந்திருக்கு, நான் பாக்காம தூக்கிட்டேன்"னு ஒருத்தன் வந்து சொல்றான்னா அந்த நிமிஷம் ஒங்க மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பத்து பேரு பாப்பான். அங்க கத்துனீங்கன்னா அதுக்கப்புறம் யாரும் எதையும் சொல்ல மாட்டான், ஸ்லிங் அறுந்து கீழ விழுறப்பதான் ஒங்களுக்கே தெரியும். "சொன்னது நல்லது, அத வெட்டிப் போடு, புதுசு எடு"ன்னு சொல்லிட்டு, ஏன் பாக்கலங்கறத தனியாக் கூப்பிட்டுக் கேளுங்க. பாராட்ட எல்லார் முன்னாடியும், கண்டிக்கறத தனியா, இது எல்லாருக்கும் தெரியும், ஆனா வாட்ஸ்அப் குரூப்ல போட்டோ போட்டு செவப்பு வட்டம் போட்டு "ஹூ டூ திஸ்?"னு கேக்கறது ஊரக் கூட்டி அடிக்கறதுதான்னு பல பேருக்கு ஒறைக்கறதில்ல. ராத்திரி பதினோரு மணிக்கு குரூப்ல மெசேஜ் போடற பழக்கத்தையும் விடுங்க, நாளைக்கு லாரி டைம் மாறுனா மட்டும் போடலாம்.

காசு விஷயத்துல கறாரா இருங்க. பெர்மிட் ரினியூ பண்ணித் தர்றேன், வேலைக்கு எடுத்து விடறேன்னு ஆளு கிட்ட காசு வாங்குனா வெளிநாட்டு ஊழியர் சட்டத்துல 30,000 வெள்ளி வரைக்கும் அபராதம், 2 வருஷம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்த்தும் கெடைக்கலாம். லெவிய (வெளிநாட்டு ஆளுக்காக கம்பெனி அரசாங்கத்துக்குக் கட்டற காசு) அவன் சம்பளத்துல புடிக்கக் கூடாது, பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்கக் கூடாது. இதெல்லாம் தெரிஞ்ச சூப்பர்வைசர் கூட சீட்டு புடிக்கறத ஒரு தப்பா நெனைக்கறதில்ல. ஒங்க கீழ வேலை பாக்கறவன ஒங்க சீட்டுல சேக்காதீங்க, கடனும் வாங்காதீங்க குடுக்கவும் குடுக்காதீங்க. ஒங்க கிட்ட 500 வெள்ளி கடன்பட்டவன் ஞாயித்துக்கிழமை வர முடியாதுன்னு எப்படிச் சொல்லுவான்?

ஆபீஸ் ஆளுங்களுக்கு ஒரு வார்த்தை. 2024 டிசம்பர் 1-லேருந்து வீட்டுலேருந்து வேலை, நேரம் மாத்தறது இதுக்கெல்லாம் ஊழியர் முறையா எழுதிக் கேட்டா 2 மாசத்துக்குள்ள எழுதி பதில் சொல்லணும், முடியாதுன்னா வேலை சம்பந்தமான காரணம் சொல்லணும். எனக்குப் புடிக்கல, நாங்க அந்தக் காலத்துல அப்படியா இருந்தோம்ங்கறது காரணத்துல சேராது.

கடைசியா, மேல இருக்கறவர் தப்பா செய்யச் சொன்னா? பல பேரு மாட்டறது இங்கதான். தவுக்கே (முதலாளி) வந்து "ஓடி மணி நேரத்தக் கொறச்சு எழுது, கேட்டா நான் பாத்துக்கறேன்"ம்பாரு. மொதல்லயே மொறைக்காதீங்க, நம்பரச் சொல்லுங்க, "பாஸ், அவன் சம்பளப் புகார் பாக்கற தகராறு தீர்வு நிலையத்துக்கு (TADM) போனா 20,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், யூனியன் மூலமாப் போனா 30,000, வேலைய விட்டுப் போயி 6 மாசம் வரைக்கும் அவனுக்கு டைம் இருக்கு, நம்ம ரெக்கார்டுதான் மொதல்ல கேப்பாங்க"ன்னு. முக்கால்வாசி முதலாளிங்க இந்த எடத்துல யோசிப்பாங்க. அப்பவும் கேக்கலன்னா போன் வைச்சதும் ஒரு மெசேஜ் போடுங்க, மரியாதையா, "பாஸ், இப்ப நீங்க சொன்னபடி செவ்வாய்க்கிழமை ஓடி 4 மணி நேரத்த 2-ன்னு மாத்தணுமா, கன்ஃபார்ம் பண்ணுங்க"ன்னு. எழுத்துல கேட்டா ஆமான்னு பதில் வராது, பெரும்பாலும் "விடு, அப்படியே போடு"ன்னுதான் வரும். ஆமான்னே வந்துட்டா அந்த ஷீட்டுல ஒங்க கையெழுத்து போடாதீங்க, மெசேஜையும் தெனசரி எடுத்த போட்டோவையும் பத்திரமா வச்சுக்கங்க, வேற வேலை தேட ஆரம்பிங்க.