தினை மட்டும் போதாது: கூண்டுப் பறவைக்குத் தீனி வைப்பதில் நடக்கும் தவறுகள்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கினால் கூடவே ஒரு பாக்கெட் தினையும் வாங்கி வருகிறோம். கிண்ணத்தில் அதைக் கொட்டித் தண்ணீர் வைத்தால் வேலை முடிந்தது என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நினைப்பு. பறவையும் கத்திக்கொண்டு, பறந்துகொண்டு நன்றாகவே இருக்கும். உடம்புக்குள் சேரும் குறை வெளியே தெரிய மாதக்கணக்கில் ஆகும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

லவ் பேர்ட்ஸ் என்ற பெயரில் நம் வீடுகளில் அதிகம் வளரும் பட்ஜி இனம் ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பறவை. அங்கே அது பல வகைப் புல் விதைகளை, பால் பிடித்த பச்சைக் கதிரோடும் சேர்த்துத் தின்னும். கூண்டில் கிடைப்பதோ காய்ந்த தினை மட்டும். அதில் மாவுச்சத்து தாராளம். வைட்டமின் ஏ இல்லையென்றே சொல்லலாம், சுண்ணாம்புச்சத்தும் மிகக் குறைவு. முதல் குறையால் மூக்கிலும் தொண்டையிலும் உள்ள உட்தோல் கெட்டு, சளியும் மூச்சுத் திணறலும் எளிதில் பற்றிக்கொள்ளும். இரண்டாவது குறையால் பெட்டையின் வயிற்றில் முட்டை சிக்கி, பறவை செத்தே போகலாம். காக்கட்டீல் என்ற கொண்டைக்கிளி வளர்ப்பவர்கள் வைக்கும் கலவையில் இன்னொரு சிக்கல். அந்தப் பறவை சூரியகாந்தி விதையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதைத் தள்ளிவிடும். கொழுப்பு ஈரலில் போய்ச் சேரும்.

இத்தனைக்கும் மருந்து நம் வீட்டுப் புரையிடத்திலேயே நிற்கிறது. முருங்கைக் கொப்பு ஒன்றை ஒடித்து, கழுவி, ஈரத்தோடு கூண்டுக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். முதலில் பயந்து மறுமூலைக்கு ஒதுங்கும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வைத்தால் பக்கத்தில் வந்து, ஒரு இலையின் நுனியைக் கடித்துப் பார்த்துத் துப்பும். பிறகு ஒருநாள் காம்பு மட்டும் மிஞ்சும். கொத்தமல்லி, துருவிய கேரட், மஞ்சள் பூசணியும் நல்லவை. பாலக், தண்டுக்கீரை எப்போதாவது போதும். அவற்றிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச்சத்தைச் சேரவிடாது.

சுண்ணாம்புச்சத்துக்குக் கணவாய் மீனின் ஓடு வையுங்கள். குளச்சல், முட்டம் கடற்கரையில் ஒதுங்கிக் கிடப்பதுதான். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் கொடுப்பார்கள். கரையில் பொறுக்கியதென்றால் சில நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறப்போட்டு, உப்பு போனபின் வெயிலில் காயவையுங்கள். அந்தச் சத்து உடம்பில் ஒட்ட வைட்டமின் டி வேண்டும். காலை இளவெயில் நேரடியாகப் படட்டும், கூண்டில் பாதி நிழலாகவும் இருக்கட்டும். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலால் அந்தப் பலன் கிடைக்காது.

கிண்ணம் நிறைந்திருக்கிறது என்று நம்பி ஏமாறுவது இன்னொரு தவறு. இந்தப் பறவைகள் விதையை அலகிலேயே உரித்து, உமியைக் கிண்ணத்திலேயே போடும். தூரத்திலிருந்து பார்த்தால் தினை போலவே இருக்கும். கையில் அள்ளினால் கனமே இராது. கிண்ணம் நிறைந்திருக்கும் வீட்டில் பறவை பட்டினி கிடப்பது இப்படித்தான். தினமும் காலையில் கிண்ணத்தை எடுத்து வாயால் ஊதிப் பாருங்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தொடங்கி டிசம்பர் வரை காற்றில் ஈரம் இருந்துகொண்டே இருக்கும். மலிவாகக் கிடைக்கிறதென்று மூட்டையாகத் தினை வாங்கி வைத்தால் பூசணம் பிடிக்கும். சில பூசணங்கள், குறிப்பாக நிலக்கடலையில், அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கி ஈரலைக் கெடுக்கும். கழுவினாலும் வெயிலில் போட்டாலும் அது முழுதாகப் போகாது. இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டும் வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மக்கிய வாடை அடித்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். நறுக்கிய பழத்தையும் முளைகட்டிய பயறையும் ஓரிரு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும்.

பாசத்தால் ஊட்டுவதிலும் கவனம் வேண்டும். பட்ஜியின் எடை முப்பது, நாற்பது கிராம்தான். நமக்கு ஒரு வாய் அதற்கு ஒரு விருந்து. பால்சோறு வேண்டாம், பாலைச் செரிக்கும் நொதி பறவைக்குக் கிடையாது. ஏத்தங்காய் சிப்ஸிலும் மிக்சரிலும் உள்ள உப்பு அதற்குத் தாங்காது. பச்சை மரச்சீனியில் (மரவள்ளிக் கிழங்கில்) சயனைடு உண்டு. ஜூஸ் கடைகளில் கிடைக்கும் பட்டர் ஃப்ரூட்டில் சிறு துண்டே உயிரைப் பறிக்கலாம். சாக்லேட், காபி, டீ, வெங்காயம், பூண்டு, ஆப்பிள் விதை எதுவும் கூடாது. மட்டி வாழைப்பழத்தில் கடலையளவு துண்டு கொடுக்கலாம். உங்கள் வாயிலிருந்து மட்டும் ஊட்டாதீர்கள். நம் எச்சிலில் உள்ள கிருமிகள் அதற்கு ஆகாது.

இதையெல்லாம் படித்துவிட்டு நாளைக்கே தினையை நிறுத்திவிடாதீர்கள். ‘பசித்தால் தானாகத் தின்னும்’ என்பது பறவையிடம் செல்லாது. பழகாத பொருளைத் தீனியென்றே அது அறியாது, இரண்டு நாள் பட்டினியில் செத்துவிடும். தினையை வைத்தபடியே மற்றதைச் சேர்த்து, வாரக்கணக்கில் மெல்ல மாற்றுங்கள். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, சிறகைச் சிலிர்த்துக்கொண்டு பகலெல்லாம் தூங்கினாலோ அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நோயைக் கடைசிவரை மறைப்பது பறவையின் இயல்பு, மறுநாள் வரை தாங்காது.