பழைய டிராக் ரேஸ் பாகங்களைச் சேகரிப்பது எப்படி

நேர்ப்பாதையில் யார் முந்துகிறார்கள் என்று பார்க்கும் டிராக் ரேஸில் ஓடிய 1960களின் அமெரிக்க மசில் கார் (பெரிய எஞ்சின் வைத்த வேகக் கார்) ஒன்றை வாங்கி நிறுத்தப் பணமும் இடமும் எல்லோரிடமும் இருக்காது. அந்தக் கார்களைப் பறக்கவிட்ட பாகங்களைச் சேர்க்கலாம்: எடெல்பிராக் இன்டேக் மேனிஃபோல்டு (எரிபொருள் கலந்த காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதி), ஹாலி கார்புரேட்டர் (காற்றோடு பெட்ரோலைக் கலப்பது), ஹர்ஸ்ட் ஷிஃப்டர் (கியர் மாற்றும் கம்பி), சன் டாகோமீட்டர் (எஞ்சின் சுற்று வேகம் காட்டுவது), கிராகர் வீல். ஒவ்வொன்றிலும் முதல் சொல் தயாரித்த நிறுவனத்தின் பெயர். ஆனால் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் சீக்கிரமே வீடு பழைய இரும்புக் கடை ஆகிவிடும். ஒரு எஞ்சின் குடும்பம், இல்லையென்றால் ஒரே வகைப் பாகம் என்று எல்லை போட்டுக்கொள்ளுங்கள். ஸ்மால் பிளாக் செவர்லே (செவர்லேயின் சிறிய வி8 எஞ்சின் குடும்பம்) பாகங்கள் அதிகம் கிடைக்கும், கற்றுக்கொள்ள அதுவே சுலபம்.

அடுத்தது எண்களைப் படிப்பது. இதைக் கற்காமல் பணத்தை வெளியே எடுக்காதீர்கள். செவர்லே வார்ப்புகளில் (உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றிச் செய்த பாகங்களில்) வார்ப்பு எண் தனி, தேதி தனி. தேதியில் முதலில் வரும் எழுத்து மாதம் (ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர்), அப்புறம் நாள், கடைசியில் வருடத்தின் கடைசி இலக்கம் மட்டும். 'பி 10 9' என்றால் பிப்ரவரி 10, சரி, ஆனால் அது 1959ஆ 1969ஆ? வார்ப்பு எண்ணைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். ஃபோர்டில் முதல் எழுத்து பத்தாண்டைச் சொல்லும், சி என்றால் 1960கள். அடுத்த இலக்கம் வருடம். அதனால் ஃபோர்டின் 428 கோப்ரா ஜெட் எஞ்சினின் ஹெட்டில் (சிலிண்டர்களின் மேல்மூடியில்) இருக்கும் 'சி8ஓஇ-என்' என்பதைப் பார்த்ததும் அது 1968இல் வடிவமைத்தது என்று புரிந்துவிடும். புரிவது வடிவமைத்த வருடம்தான்; வார்த்த தேதி வேறு இடத்தில் இருக்கும், இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. ஹாலி கார்புரேட்டரில் மேலே காற்று நுழையும் வாயின் ஓரத்தில் 'லிஸ்ட்' எண்ணும் (மாடல் எண்) அதன் கீழே தேதியும் குத்தியிருக்கும். அந்தக் காலத்து மூன்று இலக்கத் தேதியில் 953 என்றால் 1969, மே, மூன்றாவது வாரம். லிஸ்ட் எண்ணுக்குப் பின்னால் கோடு போட்டு 1, 2 என்று வந்தால் அது பிறகு திருத்தி வெளியிட்டது, முதல் பதிப்பு இல்லை.

ஒரு குறிப்பிட்ட காருக்காகத் தேடுகிறீர்கள் என்றால் பாகத்தின் தேதி காரைக் கட்டிய தேதிக்கு முன்னால் இருக்க வேண்டும், சில வாரங்களோ சில மாதங்களோ. கார் வந்த பிறகு வார்த்த மேனிஃபோல்டு அந்தக் காரில் பிறக்கவில்லை, விற்பவர் என்ன கதை சொன்னாலும்.

கையில் எடுத்ததும் கவுண்டரில் வைத்துப் பார்க்காமல் திருப்பிப் பாருங்கள். அலுமினிய மேனிஃபோல்டில் தண்ணீர் ஓடும் துளைகளைச் சுற்றித்தான் அரிப்பு அதிகம். ஹெட்டோடு பொருந்தும் பரப்பை எத்தனை முறை சீவியிருக்கிறார்கள், போல்ட் துளைகளில் மரை செத்திருக்கிறதா, யாராவது போர்ட்டை (காற்று போகும் வழியை) கிரைண்டரால் குடைந்து வைத்திருக்கிறார்களா. மெத்தனால் எரிபொருளில் ஓடிய, எரிபொருளைப் பீய்ச்சும் ஹில்போர்ன் இன்ஜெக்‌ஷன் என்றால் உள்ளே வெள்ளைப் பொடி பூத்திருக்கும். இரும்பு ஹெட்டில் வால்வு இருக்கைகளுக்கு நடுவே விரிசல் சகஜம். அதைக் காந்தப் பொடி சோதனையில் பிடிக்கலாம். அலுமினியத்துக்கும் மெக்னீசியத்துக்கும் அது ஆகாது, சாயம் ஊறவைக்கும் சோதனைதான் வேண்டும்.

ஹாலிபிராண்ட் வீல்களில் மெக்னீசியமும் உண்டு என்பதால் கொஞ்சம் கவனம். மறைவான இடத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் மெக்னீசியம். உடனே கழுவித் துடைத்துவிடுங்கள். அதை அரைத்துப் பொடி கிளப்பாதீர்கள், அந்தப் பொடி தீப்பற்றும்.

பாலிஷ் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். வார்ப்பின் சொரசொரப்பையும் அந்தக் காலத்துப் பெயின்ட்டையும் ஒருமுறை எடுத்துவிட்டால் திரும்ப வராது, போலியிலிருந்து அசலைப் பிரித்துக் காட்டுவதும் அவைதான். எண்ணெய்ப் பிசுக்கை மென்மையான பிரஷ்ஷால் எடுங்கள், போதும். டெக்கால் (ஒட்டும் ஸ்டிக்கர்), பெட்டி, உள்ளே மடித்து வைத்த பொருத்தும் குறிப்புத் தாள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். சில நேரம் பெட்டிக்காகவே ஆள் அடித்துக்கொள்வார்கள்!

தேட வேண்டிய இடம் ஸ்வாப் மீட், அதாவது பழைய பாகங்களை விற்கும் சந்தை. பென்சில்வேனியாவில் ஹெர்ஷியும் கார்லைலும் பெரியவை, கலிஃபோர்னியாவில் பொமோனா. விடியற்காலையில் போனால் நல்லது கிடைக்கும், மூட்டை கட்டும் நேரத்தில் போனால் விலை இறங்கும். ஜிஎம்சி 6-71 சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி) போன்ற கனமான சாமான்களைத் திரும்ப ஏற்ற விற்பவருக்கே அலுப்பாக இருக்கும். ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம் கொண்ட டூ-ஸ்ட்ரோக் டீசல் எஞ்சினுக்காகச் செய்தது அது, ரேஸ்காரர்கள் பிடுங்கித் தங்கள் எஞ்சின் மேல் உட்காரவைத்தார்கள்.

கடைசியாக, அலமாரிக்கு மட்டும் என்று சில பாகங்களை ஒதுக்கிவிடுங்கள்: பழைய வார்ப்பிரும்பு ஃபிளைவீல் (எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரம்), கிளட்ச், பெல்ஹவுசிங் (கிளட்சை மூடும் கூடு), சீட் பெல்ட், ஸ்லிக் டயர் (வரிப்பள்ளம் இல்லாத ரேஸ் டயர்). 1970இல் கலிஃபோர்னியாவின் லயன்ஸ் டிராக் ரேஸ் பாதையில் ஓட்டுநர் டான் கார்லிட்ஸின் டிரான்ஸ்மிஷன் (கியர் பெட்டி) வெடித்து அவர் வலது பாதத்தில் ஒரு பகுதி போனது, அதுவும் அந்தப் பாகம் புதிதாக இருந்த காலத்தில். ஷிஃப்டரையும் கார்புரேட்டரையும் சரிபார்த்து ஓட்டலாம். சுழன்று சிதறக்கூடியதற்கு இன்றைய எஸ்எஃப்ஐ (ரேஸ் பாகங்களுக்குப் பாதுகாப்புத் தரம் வகுக்கும் அமைப்பு) சான்று பெற்ற புதுப் பாகத்தை வாங்கிப் போடுங்கள்.